கட்டப்பாவும் செஞ்சோற்றுக் கடனும்



காப்பிய விவாதம் காரைக்குடிக்குப் புதிதல்ல. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இங்கேதான் இருக்கிறது. வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா, கைகேயி ஏன் வரம் கேட்டாள் என்று மேடை போட்டு வாதாடிப் பழகிய ஊர் இது. ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று கேட்பது நல்ல வாசிப்பின் தொடக்கம். ஆனால் யாருடைய செயலுக்குக் காரணம் கேட்கிறோம், யாரைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு எல்லோரும் பார்த்த ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம்.

2015 ஜூலை 10 அன்று 'பாகுபலி' முதல் பாகம் வெளிவந்தது. பாகுபலியைக் கொன்றது தான்தான் என்று கட்டப்பா ஒப்புக்கொள்வதோடு படம் முடிந்தது. இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28 அன்றுதான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம், "கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்?" என்று நாடே கேட்டது. டீக்கடையில் கேட்டார்கள், கல்லூரி வாசலில் கேட்டார்கள், அரசியல் மேடையிலும் அது வேடிக்கையாகப் புழங்கியது.

அதே 2015இல் அதே படத்தை நோக்கி இன்னொரு கேள்வியும் எழுந்தது. தமிழ் வசனத்தில் 'பகடை' என்ற சொல் இழிசொல்லாகப் பயன்பட்டிருந்தது. அது அருந்ததியர் மக்களைக் குறிக்கும் பெயர். "எங்கள் பெயர் எப்படி வசவானது?" என்று அம்மக்கள் கேட்டார்கள். வசனம் எழுதியவர் வருத்தம் தெரிவித்தார். முதல் கேள்வி இரண்டு ஆண்டு வாழ்ந்தது. இரண்டாவது கேள்வி சில நாட்களில் மறக்கப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் கட்டப்பாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது நம் எண்ணம்.

படம் தரும் விடையைப் பார்ப்போம். மகிழ்மதி அரியணைக்கு அடிமையாக இருப்போம் என்று கட்டப்பாவின் முன்னோர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சூழ்ச்சியை நம்பிய சிவகாமி, பாகுபலியைக் கொல்லும்படி ஆணையிடுகிறார். கட்டப்பா மறுக்கிறார், கெஞ்சுகிறார். நீ செய்யாவிட்டால் நானே செய்வேன் என்கிறார் சிவகாமி. தாயின் கையில் மகனின் இரத்தம் படக்கூடாது என்று கட்டப்பா வாளை எடுக்கிறார். தன்னைக் காப்பாற்ற வந்தவனைப் பின்னாலிருந்து குத்துகிறார்.

இதற்கு நம் சமூகம் வைத்திருக்கும் பெயர் விசுவாசம். இன்னும் இலக்கியமாகச் சொன்னால் செஞ்சோற்றுக் கடன். கர்ணனுக்குச் சொன்னதைத்தான் கட்டப்பாவுக்கும் சொல்கிறார்கள். ஆனால் கர்ணனுக்குத் துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான். கட்டப்பாவுக்கு மகிழ்மதி என்ன கொடுத்தது?

முதல் பாகத்தில் அஸ்லம் கான் என்ற வணிகர் வருகிறார். கட்டப்பாவின் திறமையைக் கண்டு, விலை கொடுத்து விடுதலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். முன்னோர் வாக்கைக் காட்டிக் கட்டப்பா மறுத்துவிடுகிறார். திரையரங்கில் அது பெருமைக்குரிய காட்சி. நமக்கோ அங்கேதான் ஐயம் தொடங்குகிறது. பிறக்காத பிள்ளையின் சார்பில் வாக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

அடிமைமுறையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஒர்லாண்டோ பாட்டர்சன் 1982இல் வெளிவந்த தம் நூலில், பிறப்பால் வரும் உறவுகளும் உரிமைகளும் அறுக்கப்பட்டவனே அடிமை என்றார். கட்டப்பாவுக்குப் படத்தில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை. முன்னோரிடமிருந்து அவருக்கு வந்த ஒரே சொத்து அந்த வாக்குதான். அடிமைக்கு மூதாதை இருந்த நினைவுகூட ஆண்டையின் பயனுக்காகவே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட 'வாக்கு' எப்படி உருவாகிறது என்பதற்கு நாம் மகிழ்மதிக்குப் போக வேண்டாம். இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1930 டிசம்பரில் இம்மாவட்டத்தின் கள்ளர் நாட்டார்கள் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை அணியக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூச்சூடக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 ஜூனில் அது 11 ஆனது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை அவர்களுக்கே மலிவாக விற்றுவிட வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமை வேலை செய்ய வேண்டும். நாள் கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. சாதி பற்றிய தம் நூலில் ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பணியாதவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் சூறையாடப்பட்டன.

பணிந்தவர்களைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'தலைமுறை தலைமுறையாக விசுவாசமானவர்கள்' என்றுதான். எரிந்த குடிசை மறந்துபோகும். விசுவாசம் மட்டும் கதையில் நிற்கும். கட்டப்பாவின் முன்னோர் எந்த நிலையில் வாக்குக் கொடுத்தார்கள் என்று படம் நமக்குக் காட்டுவதில்லை. அதைக் காட்டினால் காவியம் நிற்காது.

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். நாற்று நட்டது யார்? களை எடுத்தது யார்? களத்தில் அடித்துத் தூற்றியது யார்? அந்த நெல் ஆண்டையின் வீட்டுக்குள் போய், சோறாகி, பின்கட்டு வழியாக வெளியே வரும்போது அது 'ஆண்டை போட்ட சோறு' ஆகிவிடுகிறது. விளைவித்தவனே கடன்காரன் ஆகிறான். மகிழ்மதியிலும் இதுதான். வாள் அடிக்கும் உலை கட்டப்பாவின் பொறுப்பு, அரண்மனைக் காவல் அவருடையது, போர்க்களத்தில் முன் நிற்பவரும் அவரே. கணக்கை ஒழுங்காக எழுதினால் கடன்பட்டிருப்பது அரியணைதான்.

இப்படிச் சொல்வதால் கட்டப்பாவை மனமில்லாத பொம்மை ஆக்கிவிடக் கூடாது. அவருக்கு நீதி தெரியும். சங்கிலியில் கிடக்கும் தேவசேனையைத் தப்பவைக்க முன்வருகிறார். சிவகாமியின் ஆணையை முதலில் மறுக்கிறார். அந்த மறுப்புதான் அவருடைய சொந்தக் குரல். அந்தக் குரலை உடைக்க வாக்கு மட்டும் போதவில்லை. தாய்ப்பாசத்தையும் கொண்டுவர வேண்டியிருந்தது. அரச குடும்பத்தின் பாவம் அரச குடும்பத்தின் கையில் படாதபடி அடிமை தன் கையில் வாங்கிக்கொள்கிறார். விளைவைப் பாருங்கள்: சூழ்ச்சி செய்தவன் பல்வாள்தேவன், ஆணையிட்டவர் சிவகாமி. ஆனால் இரண்டு ஆண்டுகள் நாடு கேட்டது 'கட்டப்பா ஏன் கொன்றார்' என்று. 'சிவகாமி ஏன் கொல்லச் சொன்னார்' என்று யாரும் கேட்கவில்லை.

"பாகுபலி அவரை மாமா என்று அழைக்கவில்லையா?" என்று கேட்கலாம். அழைக்கிறான், அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் உறவுமுறை சொல்லி அழைப்பதற்குச் செலவில்லை. மகேந்திரனை அடையாளம் கண்டதும் அவன் காலை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார் கட்டப்பா. மாமா முறை ஒருபுறம் இருக்க, தலையும் காலும் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. 2007இல் பெரியாராக நடித்த சத்யராஜ்தான் இந்தக் காட்சியிலும் நடித்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மகேந்திரன் முடிசூடிய பிறகும் கட்டப்பாவின் விடுதலை பேசப்படுவதில்லை.

படத்தை ஒட்டி ஆனந்த் நீலகண்டன் எழுதி 2017இல் வந்த, சிவகாமியின் எழுச்சியைச் சொல்லும் ஆங்கில நாவலில் கட்டப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான். பெயர் சிவப்பா. அடிமை வாழ்வை வெறுத்து விடுதலைக்கு ஏங்குகிறவன். இந்தத் தம்பி முக்கியமானவன். ஒரே குடும்பம், ஒரே வாக்கு. ஒருவர் பணிகிறார், ஒருவன் மறுக்கிறான். அப்படியானால் விசுவாசம் இரத்தத்தில் ஊறியதல்ல. கோடிக்கணக்கானோர் பார்த்த திரையில் கட்டப்பா இருக்கிறார், சிவப்பா இல்லை.

ஊருக்கு வருவோம். தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில், தேர்வடம் பிடிக்கும் உரிமையைத் தலித் மக்கள் கேட்டார்கள். முன்னோர் வழக்கம் என்று மறுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் தேர் ஓடாமல் நின்று, உயர்நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024 ஜூனில் ஓடியது. இப்படி உரிமை கேட்கும் இடங்களில் எல்லாம் நம் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: "இவர்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள்."

பணிந்தால் விசுவாசம், மறுத்தால் தூண்டுதல். இரண்டிலும் நமக்கென்று ஒரு காரணம் இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. கட்டப்பாவை வாசிப்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல என்பது இதனால்தான். ஒரு மனிதனின் செயலுக்கு அவனுடைய சொந்த நோக்கம் உண்டு என்று ஏற்பதே அவனை மனிதனாக ஏற்பதன் முதல் படி.

ஆகவே இளம் வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். அடுத்த காப்பியத்தை, அடுத்த படத்தை, அடுத்த வழக்குச் செய்தியை வாசிக்கும்போது, குத்தியவன் ஏன் குத்தினான் என்பதோடு நிறுத்தாதீர்கள். வாளைக் கையில் கொடுத்தது யார், மறுத்திருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும், அவன் உண்ட சோற்றை விளைவித்தது யார் என்றும் கேளுங்கள். கூடவே, கதையில் இல்லாமல் போன சிவப்பாக்களைத் தேடுங்கள். அவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். குடிசை எரிந்த பிறகும் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தாம் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறோம்.