ஒரே முறை பலிக்கும் மந்திரம்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் மிகப் பெரிய கதவு கேரேஜின் கதவுதான். இரண்டு கார் நிற்கும் கேரேஜ் என்றால் வழக்கமாக 16 அடி அகலம், 7 அடி உயரம். பல குடும்பங்கள் தெருவாசலைத் திறப்பதே அபூர்வம். காலையில் புறப்படுவதும் மாலையில் திரும்புவதும் கேரேஜ் வழியாகத்தான். அதற்குள் இருக்கும் இன்னொரு சிறிய கதவு நேராகச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய் விடும். வீட்டின் காவல் முழுவதும் இந்தப் பெரிய கதவை நம்பியிருக்கிறது. ஆனால் அதைத் திறக்கச் சாவி தேவையில்லை. காரில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அழுத்திய அந்த நொடியில் ரிமோட் காற்றில் ஒரு சேதியை அனுப்புகிறது. ரேடியோ அலைக்கு வேலி கிடையாது. கதவுக்குக் கேட்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும், தெருவில் நிற்கும் திருடனுக்கும் கேட்கும். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லப்படும் ஒரு சொல்லை எப்படி ரகசியச் சொல்லாக வைத்துக்கொள்வது? கேரேஜ் கதவின் வரலாறு இந்தக் கேள்விக்குத் தேடிய விடைகளின் வரலாறு. எந்த ரிமோட்டை வாங்குவது, எதை நம்பலாம் என்று முடிவு செய்யவும் அந்த விடைகளே உதவுகின்றன.

தூக்குவது மோட்டார் இல்லை

மேல்நோக்கி எழும் கேரேஜ் கதவை 1921-இல் உருவாக்கியவர் சி.ஜி. ஜான்சன். 1926-இல் அதற்கு மின்மோட்டாரும் பொருத்தினார். வயதானவர்களும் உடல்வலு குறைந்தவர்களும் கனமான கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்ற வசதி அப்போது பிறந்தது.

நூறு கிலோவையும் தாண்டக்கூடிய ஒரு கதவை அரைக் குதிரைத்திறன் மோட்டார் சிரமமின்றித் தூக்குவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உண்மையில் எடையைத் தாங்குவது கதவுக்கு மேலே முறுக்கி வைத்திருக்கும் இரும்புச் சுருள்வில். கதவு இறங்கும்போது வில் மேலும் முறுகி ஆற்றலைச் சேமிக்கிறது. கதவு ஏறும்போது அதே ஆற்றலைத் திருப்பித் தருகிறது. மோட்டார் செய்வது சற்றே தள்ளிவிடும் வேலை மட்டும். வில் சரியாக இருந்தால், மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் பாதி உயரம் தூக்கினால் அது அங்கேயே நிற்கும். அந்த வில்லில் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லும் அளவுக்குப் பெரியது. அதைக் கழற்றுவதும் மாற்றுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

மாறாத சொல்லின் ஆபத்து

தொடக்ககால ரேடியோ ரிமோட்டுகளில் பல, குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் குறிப்பு கிடைத்தாலே கதவைத் திறந்துவிட்டன. ஒரே தெருவில் இரண்டு வீட்டில் அந்தக் கருவி இருந்தால் ஒருவரின் பொத்தான் மற்றவரின் கதவைத் திறக்கும். இதைத் தடுக்க ரிமோட்டுக்குள்ளும் மோட்டார் பெட்டிக்குள்ளும் வரிசையாகக் குட்டிக் குட்டி சுவிட்சுகளை வைத்தார்கள். ஒவ்வொன்றையும் மேலே அல்லது கீழே தள்ளலாம். 12 சுவிட்சுகள் இருந்தால் 4096 விதமாக அமைக்கலாம். இரண்டு பெட்டியிலும் அமைப்பு ஒன்றாக இருந்தால்தான் கதவு அசையும்.

அண்டைவீட்டுக் குழப்பம் இதில் தீர்ந்தது, திருட்டு தீரவில்லை. அலிபாபா எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மரத்தின் மேல் ஒளிந்திருந்து, திருடர் தலைவன் குகைமுன் சொன்ன சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டான். அவர்கள் போனதும் அதையே திருப்பிச் சொன்னான். யார் சொன்னது என்று குகை கேட்கவில்லை, நேற்றும் இதே சொல்தானே என்று சந்தேகப்படவும் இல்லை. மாறாத குறியீட்டில் இயங்கும் ஒவ்வொரு கதவும் அந்தக் குகைதான். ஒருமுறை பதிவு செய்தவன் எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம்.

ஒட்டுக்கேட்காமலே திறக்கவும் வழி உண்டு என்று 2015-இல் காட்டினார் சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர். மாட்டெல் நிறுவனம் சிறுமிகள் குறுஞ்செய்தி அனுப்பி விளையாடுவதற்காக விற்றிருந்த இளஞ்சிவப்பு நிற பொம்மைதான் அவர் கருவி. விற்பனை நின்றுபோன அந்தப் பொம்மையின் ரேடியோ சில்லு கேரேஜ் கதவுகளின் அலைவரிசையில் பேசக்கூடியது. 8 முதல் 12 சுவிட்சு வரையுள்ள எல்லா அமைப்புகளையும் ரிமோட் அனுப்பும் வழக்கமான முறையில், ஒவ்வொன்றையும் ஐந்து தடவை, இடைவெளி விட்டு அனுப்பினால் 29 நிமிடம் ஆகும். கம்கார் அதை 8.214 நொடியில் முடித்தார்.

8 நொடியின் கணிதம்

முதலில் அவர் திரும்ப அனுப்புவதையும் இடைவெளியையும் நீக்கினார். அதன் பிறகு செய்ததுதான் அழகானது. அந்தப் பழைய கதவுகள் சுவிட்சுக்கு ஒன்றாக, 0 அல்லது 1 என 12 இலக்கம் வந்ததும் சரிபார்க்கும். தவறு என்றால் பன்னிரண்டையும் தூக்கி எறியாது. மிகப் பழைய ஓர் இலக்கத்தை மட்டும் உதிர்த்துவிட்டு, அடுத்து வரும் இலக்கத்தைச் சேர்த்து மறுபடியும் பார்க்கும். ஆகவே ஒரு குறியீட்டின் வால் அடுத்த குறியீட்டின் தலையாக இருக்கலாம்.

இரண்டே இலக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 00, 01, 11, 10 என நான்கு வாய்ப்புகள். தனித்தனியாக அனுப்பினால் 8 இலக்கம். ஆனால் 00110 என்ற ஐந்து இலக்கத்துக்குள்ளேயே நான்கும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இத்தகைய தொடர்களை 1946-இல் ஆராய்ந்து எழுதிய டச்சுக் கணித அறிஞர் நிக்கோலாஸ் டி புரெய்ன் பெயரால் இவை வழங்குகின்றன. 12 இலக்கத்தில் 4096 குறியீடுகளும் 4107 இலக்கத்துக்குள் அடங்கிவிடும். ஓர் இலக்கத்துக்கு ஓராயிரத்தில் இரண்டு பங்கு நொடி. பெருக்கினால் 8.214 வருகிறது.

இந்தத் தந்திரம் இந்தியாவில் வேறொரு துறையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. சம்ஸ்கிருத யாப்பிலக்கணத்தில் லகு, குரு என்னும் இருவகை அசைகள் மும்மூன்றாகச் சேர்ந்து எட்டு கணங்கள் ஆகின்றன. அவற்றை நினைவில் வைக்க மாணவர்கள் சொல்லும் சூத்திரம் ‘யமாதாராஜபானஸலகாம்’. எந்த இடத்தில் தொடங்கி மூன்று அசைகளை எடுத்தாலும் ஒரு புதிய கணம் கிடைக்கும். பத்து அசைக்குள் எட்டு கணமும் ஒன்றுகூட இரண்டாம் முறை வராமல் அமைந்திருக்கின்றன. செய்யுள் கற்றவர்களின் நினைவுக்கு உதவிய அதே அமைப்பு, பூட்டிய கதவுகளையும் திறந்துவிட்டது.

எண்ணிக்கொண்டே போகும் ரிமோட்

தீர்வு ஒன்றுதான்: ஒருமுறை சொன்ன சொல் மறுமுறை பலிக்கக் கூடாது. ரோலிங் கோடு எனப்படும் மாறும் குறியீடு இதைச் செய்கிறது. இதற்கான புகழ்பெற்ற முறை கீலாக். 1980-களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. 1990-களின் நடுவில் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியபின் கார்ச் சாவிகளிலும் கேரேஜ் ரிமோட்டுகளிலும் உலகெங்கும் பரவியது.

ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி இருக்கிறது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று கூடும். அந்த எண்ணை ஒரு ரகசியத் திறவெண்ணால் கலைத்து, 32 இலக்கச் சேதியாக ரிமோட் அனுப்புகிறது. அப்படி 429 கோடிக்கும் அதிகமான சேதிகள் உண்டு. அடுத்தடுத்த எண்களும் கலைத்தபின் ஒன்றோடொன்று ஒட்டுறவு இல்லாதவைபோலத் தோன்றும். கதவிடமும் அதே திறவெண் இருப்பதால் அது சேதியைப் பிரித்து எண்ணைப் பார்க்கிறது. கடைசியாகக் கேட்டதைவிடப் பெரிய எண் என்றால் திறக்கும். பழைய எண் என்றால் அசையாது. ஒட்டுக்கேட்டவனிடம் இருப்பது எப்போதும் பழைய எண்தான்.

குழந்தை ரிமோட்டை எடுத்து வீட்டுக்குத் தொலைவில் பத்து தடவை அழுத்திவிட்டால் எண்ணிகள் பிரிந்துபோகாதா? அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். இந்தச் சில்லுகளின் வழக்கமான அமைப்பில் 16 எண் வரை முன்னே போயிருந்தால் கதவு உடனே ஏற்றுக்கொள்ளும். அதற்கும் மேலே போயிருந்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கேட்டு உறுதி செய்துகொண்டு மறுபடி இசைந்துவிடும்.

இதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2008-இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீலாக் சில்லு இயங்கும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களை அளந்தே ரகசியத் திறவெண்ணைக் கண்டுபிடித்தார்கள். ஒரு தயாரிப்பாளரின் மூலத் திறவெண் கிடைத்துவிட்டால், பிறகு இரண்டு சேதிகளை ஒட்டுக்கேட்டாலே அந்த ரிமோட்டுக்கு நகல் எடுத்துவிடலாம் என்றும் காட்டினார்கள்.

2015-இல் கம்கார் இன்னொரு வழியைக் காட்டினார். சுமார் 32 டாலர் செலவில் செய்த சிறு கருவி, நீங்கள் பொத்தானை அழுத்தும்போது இரைச்சல் எழுப்பிக் கதவின் காதை அடைத்துவிட்டு உங்கள் சேதியைத் தான் மட்டும் பதிவு செய்கிறது. கதவு திறக்கவில்லையே என்று நீங்கள் மறுபடி அழுத்துகிறீர்கள். அதையும் பதிவு செய்துகொண்டு, முதல் சேதியை ஒலிபரப்புகிறது. கதவு திறக்கிறது. பயன்படுத்தாத இரண்டாம் சேதி திருடனிடம் தங்கிவிடுகிறது. இதற்கும் ஆயுள் குறைவுதான். அடுத்த முறை உங்கள் ரிமோட்டின் புதிய எண் கதவுக்கு எட்டியவுடன் அது செல்லாக்காசு.

குறைகள் இருந்தாலும் மாறும் குறியீட்டை முறியடிக்கத் திறமை, கருவி, சரியான நேரம் மூன்றும் வேண்டும். மாறாத குறியீட்டுக்கு ஒரு பொம்மை போதும். உங்கள் பெட்டிக்குள் குட்டி சுவிட்சு வரிசை இருந்தால் அது பழைய வகை. சென்னை, கோவை வீடுகளின் தானியங்கி கேட்டுகளுக்கும் இது பொருந்தும். மலிவான காப்பி ரிமோட் ஒன்று உங்கள் ரிமோட்டை அப்படியே நகல் எடுத்துவிட்டால், அது மாறாத குறியீடாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். மாற்றிவிடுங்கள்.

மற்ற வழிகள்

கதவோரத்தில் பொருத்தும் எண்பலகை பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வசதியானது. நான்கு இலக்க எண்ணுக்குப் பத்தாயிரம் வாய்ப்புகள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே எண்ணை அழுத்தினால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். பார்க்கிறவனுக்கு மிச்சமிருப்பது 24 வரிசைகளே. எண்ணை அவ்வப்போது மாற்றுவதே இதற்கு மருந்து.

போனில் திறக்கும் வசதி தொலைவிலிருந்தே கதவு மூடியிருக்கிறதா என்று காட்டுகிறது. கதவைத் திறந்துபோட்டு மறந்துபோகும் வீடுகளுக்கு இது பெரிய நன்மை. ஆனால் இங்கே கதவின் நம்பிக்கை நிறுவனத்தின் சர்வருக்கு மாறிவிடுகிறது. நெக்ஸ் என்ற நிறுவனத்தின் கருவிகள் எல்லாம் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டிருந்தது 2023-இல் வெளிவந்தது. அதைத் தெரிந்துகொண்டவர் யார் வீட்டுக் கதவையும் எங்கிருந்தும் திறக்கலாம். பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய கருவிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. போன் வழி கருவி வாங்குபவர் இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா, மென்பொருள் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எல்லாக் குறியீடுகளையும் தாண்டி ஒரு கம்பியும் கதவைத் திறக்கும். மின்தடையின்போது மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்க உள்ளே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கதவின் மேல் இடுக்கு வழியே துணி மாட்டும் கம்பியை நுழைத்து அதை இழுத்துவிடத் திருடர்களுக்குத் தெரியும். அதற்காகக் கயிற்றை அறுத்துவிடக் கூடாது, அது உயிர்காக்கும் கயிறு. இடுக்கை அடைப்பது அல்லது கயிற்றின் கொக்கிக்கு மறைப்புத் தகடு வைப்பது நல்ல வழி. காரின் வெயில் மறைப்பில் ரிமோட்டைச் செருகி வைப்பதும் ஆபத்து. கண்ணாடியை உடைத்தால் ரிமோட்டும், வீட்டு முகவரி உள்ள வண்டிக் காகிதமும் சேர்ந்தே கிடைக்கும். சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய ரிமோட் நல்லது. கேரேஜிலிருந்து வீட்டுக்குள் போகும் சிறு கதவையும் தெருவாசல்போலவே பூட்ட வேண்டும்.

உயிருக்கு முதலிடம்

தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கேரேஜ் மோட்டார்களில் தடையை உணரும் கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். பெரும்பாலும் அது தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் இருபுறமும் பொருத்திய ஒளிக்கண். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை ஏதாவது மறித்தால் இறங்கும் கதவு நின்று மேலேறும்.

2017 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது. கதவைக் கையால் விடுவிக்க முடியாமல் கேரேஜுக்குள் சிக்கியவர்களில் சிலர் இறந்தார்கள். அதன் விளைவாக, 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு கேரேஜ் மோட்டாருக்கும் பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. திருடனை வெளியே நிறுத்தும் கதவு, வீட்டாரை உள்ளே சிறைவைக்கக் கூடாது.

ஆகவே மாறும் குறியீட்டு ரிமோட், பேட்டரி, ஒளிக்கண் மூன்றும் உள்ள மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். எண்பலகையும் போனும் உங்கள் குடும்பத்தின் தேவையைப் பொறுத்தவை. மாதம் ஒருமுறை ஒன்றரை அங்குல மரக்கட்டையைக் கதவின் வழியில் படுக்க வைத்து மூடிப் பாருங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு திரும்பி மேலேற வேண்டும். ஏறவில்லை என்றால், பழுது பார்க்கும் வரை அந்த ரிமோட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.