ஆவாரையா, பேயாவிரையா? காதைப் பாருங்கள்!

வறண்ட மலைச்சரிவில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. பொங்கல் காப்புக்கும் தேநீருக்கும் இதன் பூவைப் பறிக்கிறார்கள். இதேபோல மஞ்சள் பூ பூக்கும் பேயாவிரை தரிசிலும் பாதையோரத்திலும் முளைக்கிறது. அதன் விதையைத் தின்று உத்தரப்பிரதேசத்தில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கால்நடைகளுக்கும் அது நஞ்சு.

பிரித்தறிவது எளிது. ஆவாரையில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள், நுனி மழுங்கியிருக்கும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற இலைச்செதில் உண்டு. தாவரப்பெயரில் உள்ள ‘ஆரிகுலேட்டா’வுக்குக் ‘காதுடையது’ என்றே பொருள். காய் தட்டையாக, தாள்போல மெல்லியதாக இருக்கும்.

பேயாவிரையில் சிற்றிலைகள் 6 ஜோடியைத் தாண்டுவது அரிது, நுனி கூர்மையானது. கசக்கினால் நாற்றமடிக்கும். காய் ஒல்லியாக, சற்றே வளைந்திருக்கும்.

காது இல்லாத செடியில் பூப் பறிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.