தபால் பெட்டியில் எத்தனை பெயர்? ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு!

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீட்டு நம்பர் சரியாக எழுதாவிட்டாலும் பார்சல் வந்துவிடும். டெலிவரி தம்பி போன் அடிப்பார், வழி சொன்னால் போதும். இங்கிருந்து ஜெர்மனிக்கு வேலை மாறிக் குடும்பத்தோடு போகிறீர்களா? அங்கே கதையே வேறு.

அடுக்குமாடி வீடுகளுக்கு அங்கே பெரும்பாலும் ஃபிளாட் நம்பர் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே! பாஸ்போர்ட்டில் அது விரியும்போது, உதாரணமாக, செந்திலுக்கு அவர் அப்பா முருகேசன், மனைவிக்கு அவர் அப்பா பழனிசாமி, குழந்தைக்கு செந்தில். ஒரே வீட்டில் மூன்று 'குடும்பங்கள்'.

பெட்டியில் 'முருகேசன்' மட்டும் இருந்தால் மனைவி, குழந்தை பெயரில் வரும் கடிதங்கள் திரும்பிப் போகலாம். குடியேறிய 2 வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் சான்றும் தேவை. பதிந்த பிறகு ஒவ்வொருவருக்கும் வரி எண் தபாலில் வரும், குழந்தைக்கும்தான். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்க நேரிடும். குழந்தைக்கான மாத உதவித்தொகைக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். வங்கி அட்டை ஒரு கவரில், பின் நம்பர் இன்னொரு கவரில்!

எனவே சாவி வாங்கும்போதே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லோர் பெயரையும் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் போடச் சொல்லிவிடுங்கள். அதுவரை ஒரு துண்டுச் சீட்டு ஒட்டலாம். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பேனாவும் செலோ டேப்பும் கைப்பையில் இருக்கட்டும்.