சிறிய மகிழ்ச்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே வெளியே சொல்லப்படாத ஒரு கூச்சம் உண்டு. வாய்க்கு ருசியான சாப்பாட்டின் முன் அமரும்போதும், பிள்ளையின் மழலை கேட்டு வாய்விட்டுச் சிரிக்கும்போதும், அடுத்த கணமே மனம் சுருங்கிவிடுகின்றது. 'ஊரில் அத்தனை அழிவு நடந்திருக்க, காணாமற் போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் இன்னும் காத்திருக்க, எமக்கென்ன சிரிப்பு?' என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டுகின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின்னர் அக்குரல் எம்மவர் வீடுகள் பலவற்றில் நிரந்தரமாகவே குடியேறிவிட்டது.

இன்னொரு பேச்சும் எம்மிடையே உண்டு. 'வழக்கு முடியட்டும், விசா வரட்டும், மனைவி பிள்ளைகள் வந்து சேரட்டும். அதன் பிறகு சந்தோசமாக இருப்போம்' என்பது அது. முதலாவது குரல் நேற்றைய துயரத்தைக் காட்டி இன்றைய நாளைப் பறிக்கின்றது. இரண்டாவது, நாளைய நம்பிக்கையைக் காட்டி அதே நாளைப் பறிக்கின்றது. இப்படிக் கழிந்த நாட்கள் ஆண்டுகளாகி, அந்த ஆண்டுகளில் தலை நரைத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு மகிழ்ச்சிகளைப் பற்றி இங்கே எழுத முனைவது அதனாற்றான்.

காத்திருப்பின் கனம்

அகதியின் நோய் அவன் விட்டு வந்த நாட்டிலேயே தொடங்கி முடிந்துவிடுவதன்று. அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழ் அகதிகள், தஞ்சம் கோருவோர், குடிவரவாளர் ஆகியோரிடையே மனநல மருத்துவர் டெரிக் சைலோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. போரிற் பட்ட காயங்கள் மட்டுமல்லாது, வந்து சேர்ந்த நாட்டில் அன்றாடம் அனுபவிக்கும் இன்னல்களும் மனத்தின் நோய்க்குப் பங்களிக்கின்றன என்று அது எடுத்துக்காட்டியது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், வேலை செய்ய இயலாமை, தனிமை, முடிவில்லாத தாமதம் ஆகியன எம்மவருக்குப் புதியவை அல்ல. ஆய்வாளர் சொல்வதற்கு முன்னரே எம் உடம்பு அறிந்த செய்தி இது.

அன்றாட இன்னல்கள் மனத்தை இவ்வளவு அழுத்துமெனின், அன்றாட இன்பங்களையும் அற்பமென்று ஒதுக்குவதற்கில்லை.

காத்திருப்பு மனிதனிடமிருந்து எதனை எடுத்துக்கொள்கின்றது என்பதை ஜேர்மனியின் பழைய சட்டங்கள் நன்கு காட்டும். தஞ்சம் கோரியவர் தமக்கென வகுக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதியின்றித் தாண்டலாகாது என்ற விதி அங்கே 1982இல் சட்டமாயிற்று. அடுத்த மாவட்டத்தில் உள்ள தமையன் வீட்டுக் கலியாணத்திற்குப் போவதற்கும் கடதாசி வேண்டியிருந்தது. 2015இலேயே அக்கட்டுப்பாடு பெருமளவு தளர்த்தப்பட்டது. 1993இல் வந்த இன்னொரு சட்டம், தஞ்சம் கோருவோருக்குப் பணமாகவன்றிப் பொருளாகவே உதவ வேண்டும் என்பதற்கு முதலிடம் கொடுத்தது. அதனால் உணவுப் பொதிகளை வாங்கி வாழ்ந்தோர் பலர். பசி தீர்ந்தது உண்மை. ஆனால் இன்றைக்குச் சொதியா, பருப்பா என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாமற் போனது.

அந்நாட்களைக் கடந்து வந்தோரிடம் கேட்டுப் பாருங்கள். முதன்முதலாகத் தம் கைக்காசில் ஒரு தேங்காயும் பத்துச் செத்தல் மிளகாயும் வாங்கி வந்து சம்பல் இடித்த நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மகிழ்ச்சி நாக்கினால் மட்டும் வந்ததன்று; 'இதனை நானே தெரிந்தெடுத்தேன்' என்ற எண்ணத்தினாலும் வந்தது. சிறிய மகிழ்ச்சிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்த எண்ணமே. மற்றைய அனைத்தையும் வேறு யாரோ ஓர் அலுவலகத்தில் இருந்து தீர்மானிக்கும் வாழ்வில், எமது தீர்ப்பு செல்லுபடியாகும் ஒரு சிறு இடம் அது.

சைக்கிள் சுழலப் பாடிய வானொலி

மகிழ்வது ஊருக்குச் செய்யும் துரோகமா என்ற கேள்விக்கு, ஊரில் இருந்தோர் வாழ்ந்து காட்டிய விடையொன்று உண்டு.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதன் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை, மின்கலங்களுக்கும் தடை. யாம் போத்தலுக்குள் ஒரு சிறு திரியை நிறுத்தி, சிறிதளவு மண்ணெண்ணெயை ஊற்றி, அந்த மங்கல் வெளிச்சத்திற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சவர்க்காரம் கிடையாதபோது பனம்பழத்திற் துணி துவைத்தார்கள்.

அக்காலத்திலேயே அவர்கள் பாட்டுக் கேட்பதற்கும் ஒரு வழி கண்டார்கள்! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுழற்ற மற்றவர்கள் சூழ இருந்து கேட்டார்கள். செய்திக்காகவே பலர் சுழற்றினார்கள் என்பது மெய். செய்தி முடிந்த பின்னரும் பாட்டுக்காகச் சுழற்றினார்கள் என்பதும் மெய். கை ஓய்ந்தாற் குரல் மங்கும். உடனே இன்னொருவர் கை மாறுவார். விமானம் எந்நேரமும் வரக்கூடிய வானத்தின் கீழ், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு சினிமாப் பாட்டின் இரண்டு அடிகளுக்காக அவர்கள் வியர்வை சிந்தினார்கள்.

அவர்கள் துயரத்தை மறந்தவர்கள் என்று யார் சொல்லக்கூடும்? துயரத்தின் நடுவிலிருந்த அவர்களே தமக்கு மறுத்துக்கொள்ளாத ஒன்றை, அவர்கள் பெயரைச் சொல்லி நாம் எமக்கு மறுப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை. எமது முகவாட்டத்தினால் ஊரில் எவருடைய பாரமும் குறையப்போவதில்லை. தொலைபேசியில் எமது குரல் தெளிந்திருந்தாற்றான் அங்கே ஒரு தாய் அன்றிரவு நிம்மதியாகப் படுப்பார்.

யன்னலோரத்துக் கறிவேப்பிலை

எம்மவர் வாழும் வீடுகளை வெளியிலிருந்தே அடையாளம் காண்பதற்கு ஒரு வழி உண்டு. வெயில் விழும் யன்னலோரத்திற் சட்டியொன்றிற் கறிவேப்பிலைக் கன்று நிற்கும். தோடைக்கும் எலுமிச்சைக்கும் உறவான வெப்பநாட்டு மரம் அது. குளிர் ஏற வளர்ச்சியை நிறுத்தி, இலை பழுத்து உதிர்ந்து, வெறும் குச்சியாகி நிற்கும். செத்துவிட்டதென்று எறிந்துவிடுவோர் பலர். அவசரப்பட வேண்டாம். பட்டையை நகத்தாற் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கின்றது. குளிர்காலத்தில் வேர் அழுகாதபடி தண்ணீரைக் குறைத்து, வெளிச்சம் படும் இடத்தில் வைத்திருந்தால், வசந்தத்திற் கணுக்களிலிருந்து துளிர் வெடிக்கும். ஆறு மாதமாகக் குச்சியாக நின்றதில் அரிசிமணி அளவு பச்சையைக் காணும் காலையில் வீட்டிலுள்ள அனைவரையும் கூப்பிட்டுக் காட்டாதோர் எவர்?

மே மாதம் 11ஆம் திகதி தொடக்கம் 15ஆம் திகதி வரையான நாட்களை ஜேர்மனியர் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் என்பர். அவை கழியும்வரை குளிர் தாங்காத செடிகளை வெளியே வைக்கலாகாது என்பது அந்நாட்டுத் தோட்டக்காரரின் பழைய கணக்கு. கறிவேப்பிலைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடத்திற்குப் போகும் எம்மவருக்கும் இக்கணக்கு உதவும். பக்கத்து வீட்டு முதியவரிடம் இது பற்றிக் கேட்பதே ஒரு நல்ல நட்பின் தொடக்கமாகலாம்.

நகரத்தில் மண்ணற்றோர் மண்ணைத் தேடியது எம்முடன் தொடங்கியதன்று. ஜேர்மனியின் லைப்சிக் நகரில், மருத்துவர் ஷ்றேபரின் பெயரால் 1864இற் தொடங்கப்பட்ட சங்கத்திலிருந்து 'ஷ்றேபர் தோட்டங்கள்' பிறந்தன. பிரான்சில் லெமீர் என்ற பாதிரியார் 1896இற் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தோட்டத்துண்டு தேடிக் கொடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். மக்கள் கேட்கும் இடங்களில் உள்ளூராட்சிச் சபைகள் தோட்டத்துண்டு ஒதுக்க வேண்டுமென இங்கிலாந்தில் 1908இற் சட்டம் வந்தது. ஆலைகளுக்காகக் கிராமத்தை விட்டு வந்த ஐரோப்பியத் தொழிலாளருக்கும், எம்மைப் போலவே, கையிற் சிறிது மண் ஒட்டினாற்றான் மனம் ஆறியது போலும். இன்று அதே தோட்டங்களில் எமது பெற்றோர் பூசணிக்கொடியும் பயற்றங்கொடியும் படரவிட்டிருப்பதைக் காண்கின்றோம்.

தோட்டமும் மாடமும் இல்லாது, ஓர் அறையிற் பலராகத் தங்கியிருப்போருக்கும் வழி இருக்கின்றது. ஒரு பிடி வெந்தயத்தை இரவு ஊறவைத்து, வெறுமையான ஐஸ்கிறீம் பெட்டியில் மண்ணிட்டுத் தூவினால், சில நாட்களிலேயே முளை மண்ணைக் கிளப்பிக்கொண்டு எழும். மூன்று நான்கு கிழமைகளில் ஒரு கறிக்குக் கீரை ஆகும். காலை எழுந்ததும் 'இன்று எவ்வளவு உயர்ந்திருக்கின்றது?' என்று பார்ப்பதற்கு ஒன்று இருப்பது, கடிதப் பெட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதிலும் பார்க்க எவ்வளவோ மேல்.

சூரியனுக்குப் பீரங்கி வணக்கம்

ஊரில் இருந்தவரை நாம் வெயிலை எண்ணிப் பார்த்ததில்லை; நிழலையே தேடினோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ 11½ மணி நேரம் நீடிக்கும். ஒஸ்லோவில் மார்கழி நடுவில் அது 6 மணி நேரமே. இன்னும் வடக்கே, நோர்வேயின் பின்மார்க் கரையோரத்தில், 1980களிலிருந்து எம்மவர் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து வந்திருக்கின்றார்கள். அங்கே நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி கழியும்வரை அடிவானத்திற்கு மேல் வருவதே இல்லை. சூரியனுக்கு நன்றி சொல்லும் தைப்பொங்கலன்று அங்கே சூரியன் இல்லை! இருளில் எழுந்து, சமையலறை அடுப்பிற் பால் பொங்கவிட்டு, கிழக்கென்று மனத்தாற் கருதிய திசையை நோக்கி அங்குள்ளோர் கைகூப்ப வேண்டியிருக்கின்றது.

அக்கரையோரத்து வார்டோ என்னும் சிற்றூரில், இருட்காலம் முடிந்து சூரியவட்டம் முழுமையாகத் தெரியும் நாளிற் பழைய கோட்டையிலிருந்து பீரங்கி வேட்டுத் தீர்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. துறொம்சோ நகரத்தில் ஜனவரி 21ஆம் திகதியைச் 'சூரிய நாள்' என்று அழைத்து இனிப்புப் பணியாரம் உண்பார்கள். எமது பொங்கலுக்கும் இதற்கும் இடையே ஒரு கிழமையே தூரம். சூரியனைக் கண்டு மகிழ்வதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எம் பிள்ளைகள் தம் வகுப்புத் தோழரிடம் பொங்கலைப் பற்றிச் சொல்வதற்கும் இதனிலும் நல்ல வாசல் வேறில்லை.

குரலுக்குப் பின்னே ஒரு காகம்

செய்திகளின் மகிழ்ச்சி இளையோருக்கு இன்று விளங்காது. 1990களிற் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே வந்த குடும்பச் செய்தி திறந்த தாளாகவே வரும். எவரும் வாசிக்கலாம், குடும்பச் சுகம் தவிர வேறெதுவும் எழுதலாகாது. 'நாங்கள் சுகம், நீங்கள் சுகமா?' என்பதற்கு மேல் அதில் அதிகம் இராது. ஆயினும் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்து மாதக்கணக்காகக் கொண்டு திரிந்தோர் உளர். அதில் இருந்த புதினத்திலும் பார்க்க, அம்மாவின் கையெழுத்தே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசுகின்றோம். அருமை குறைந்துவிட்டதென்று சிலர் சொல்வர். ஆயினும், அம்மா ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் குரலுக்குப் பின்னால் ஒரு காகம் கரைகின்றது. கோயில் மணி கேட்கின்றது. 'நிலக்கடலை' என்று கூவிக்கொண்டு ஒருவர் ஒழுங்கையாற் போகின்றார். அம்மாவுக்கு அவை காதில் விழுவதேயில்லை. எமக்கோ அந்தக் கணத்திற் பாரிஸ் நகரத்து ஐந்தாம் மாடி அறை மறைந்து, முற்றம் வந்துவிடுகின்றது.

முதற் கேள்வியை மாற்றுவோம்

இவ்வளவு சொன்ன பின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறிய மகிழ்ச்சிகள் உரிமைகளுக்கு மாற்றீடு அல்ல. சட்டியிற் செடி வளர்வதால் ஒரு வழக்கின் தாமதம் நியாயமாகிவிடாது. பொங்கல் பொங்கியதால் காணாமற் போனோர் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. அவற்றுக்காகத் தொடர்ந்து குரல் கொடுக்கவே வேண்டும். நெடிய காத்திருப்பில் அந்தக் குரல் வற்றாதிருப்பதற்கு நாளொன்றுக்கு ஒரு வாய் தண்ணீராவது வேண்டுமல்லவா?

புதிதாக வந்து சேர்ந்த தம்பியொருவரைக் கடையிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ காணும்போது எம்மவர் வாயிலிருந்து வரும் முதற் கேள்வி, "கேஸ் என்ன மாதிரிப் போகுது?" என்பதே. அன்பினாற்றான் கேட்கின்றோம். ஆனால் நாள் முழுவதும் அதனையே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அக்கேள்வி இன்னுமொரு விசாரணையாகின்றது. இனி அதனைச் சிறிது பிந்திக் கேட்போம். "தம்பி, இண்டைக்கு என்ன சமைச்சனீர்?" என்று முதலிற் கேட்போம். ஒன்றும் சமைக்கவில்லை என்றால், வீட்டுக்குக் கூட்டிச் சென்று ஒரு கோப்பை புட்டும் சம்பலும் கொடுப்போம். போகும்போது யன்னலோரத்துச் சட்டியிலிருந்து ஒரு நெட்டுக் கறிவேப்பிலை முறித்துக் கையிற் கொடுத்து அனுப்புவோம்.