நோயாளியின் வீட்டில் தனித்து நிற்பவர்: பேரிடர்க் காலமும் பராமரிப்புப் பணியாளரின் பாதுகாப்பும்

பணியும் பணியாளரும்

பக்கவாதம், மறதிநோய், இடுப்பெலும்பு முறிவு, முற்றிய புற்றுநோய் போன்றவற்றால் படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவர்களுடைய வீட்டிலேயே ஊதியத்திற்குக் கவனித்துக்கொள்பவர்கள் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் எனப்படுகின்றனர். சென்னை போன்ற நகரங்களில் ‘ஹோம் நர்ஸ்’ என்றும் ‘அட்டெண்டர்’ என்றும் அழைக்கப்படும் இவர்களில் செவிலியர் படிப்பு முடித்தவர்களும் உண்டு. ஏஜென்சி ஒன்றில் குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்று, நோயாளிகளின் அருகிலேயே தொழிலைக் கற்றுக்கொண்ட பெண்களும் பலர் உண்டு. குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவது, சிறுநீர்ப் பையை வடிப்பது, படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டுவது என இவர்கள் செய்யும் எந்த வேலையையும் நோயாளியைத் தொடாமல் செய்ய முடியாது.

மருத்துவமனையில் இதே வேலையைச் செய்யும் ஒருவருக்குப் பின்னால் தொற்றுத் தடுப்புக் குழுவும், கையுறையும் முகக்கவசமும் வழங்கும் பண்டகசாலையும், சந்தேகம் வந்தால் அழைப்பதற்கு மூத்த செவிலியரும் இருக்கின்றனர். வீட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பெருந்தொற்றோ வெள்ளமோ வந்து மருத்துவமனைகள் நிரம்பி, நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுமாறு சொல்லப்படும் நாளில், வீடு மருத்துவமனையின் சுமையை ஏற்கிறது; ஆனால் மருத்துவமனைக்குரிய பாதுகாப்பு அந்தச் சுமையோடு சேர்ந்து வருவதில்லை. அந்த இடைவெளியில் நிற்பவர் பராமரிப்புப் பணியாளர். அவர் காய்ச்சலில் விழுந்தால் நோயாளியும் கைவிடப்படுகிறார் என்பதால் இருவருடைய பாதுகாப்பையும் பிரித்துப் பார்க்க இயலாது.

பட்டியலில் இல்லாத பெயர்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது சென்னையின் புறநகர் ரயில்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. பொதுமக்களுக்காக அவை மீண்டும் ஓடப் பல மாதங்கள் ஆயின. தாம்பரத்திற்கு அப்பாலிருந்தோ திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்தோ நகருக்குள் வந்து பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் ஒருவர், மருத்துவமனை அடையாள அட்டை இல்லாத நிலையில், தாம் இன்றியமையாப் பணியில் இருப்பதைக் காவல் சோதனைச் சாவடியில் நிறுவ வேண்டியவரானார். அது இயலாதபோது அவருக்கு மிஞ்சியவை இரண்டே வழிகள்: வேலையை விடுவது, அல்லது தம் பிள்ளைகளை விட்டு நோயாளியின் வீட்டிலேயே தங்கிவிடுவது.

அதே மாதத்தில் ஒன்றிய அரசு, கொரோனா நோயாளிகளோடு நேரடித் தொடர்புக்கு வரக்கூடிய சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீட்டை அறிவித்தது. பொதுச் சுகாதாரத் துறையினரையும், அரசு கோரிப் பணியில் அமர்த்திய தனியார் மருத்துவமனை ஊழியர், ஒப்பந்த ஊழியர் ஆகியோரையும் மையமாகக் கொண்ட அந்தத் திட்டத்தில், ஒரு குடும்பம் தன் செலவில் அமர்த்திய அட்டெண்டருக்கு இடம் இருக்கவில்லை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் சுகாதாரப் பணியாளர்களிடமிருந்து தொடங்கியபோதும், பெயர்கள் சுகாதார நிறுவனங்கள் அளித்த பட்டியல்களின் வழியே வந்தன. எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் பெயரில்லாத பணியாளர், 45 வயது கடந்தவராயின் ஏப்ரல் வரையிலும், இளையவராயின் மே மாதம் வரையிலும் வயது வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த வரிசையில் நின்றது நியாயமன்று. இதற்குத் தீய எண்ணம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பதிவேடு இல்லாததே காரணம், அந்தப் பதிவேட்டை நெருக்கடி வந்தபின் உருவாக்க இயலாது.

தொற்றுக் காலத்தில் நோயாளியின் அறை

ஆறடி இடைவெளி என்ற அறிவுரை இந்தப் பணியில் பொருளிழந்துவிடுகிறது. ஆகவே பாதுகாப்பு முழுவதும் காற்றோட்டம், முகக்கவசம், கைத்தூய்மை ஆகியவற்றையே சார்ந்திருக்கிறது. மருந்தை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்யும் நெபுலைசரும், தொண்டைச் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவியும், நோயாளியின் மூச்சிலிருந்து வெளிவரும் நுண்துளிகளை அறைக்குள் பரப்பக்கூடியவை என்பதால், அவற்றைப் பயன்படுத்தும் நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைத்து, குடும்பத்தினர் அறையைவிட்டு விலகி, பணியாளர் என்95 முகக்கவசமும் கண்காப்பும் அணிந்திருப்பது அவசியமாகும். என்95 என்பது மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டி உடைய கவசம். ஆயினும் அது மூக்கின் ஓரத்திலும் கன்னத்திலும் காற்றுக் கசியாமல் படிந்திருந்தால் மட்டுமே அந்தப் பயனைத் தரும். அணிந்தபின் இரு கைகளாலும் அதை மூடிக்கொண்டு பலமாக மூச்சை வெளிவிட்டு, ஓரங்களில் காற்று வருகிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலைதான். இதைச் செய்து காட்டாமல் கவசத்தை மட்டும் கொடுத்தனுப்பும் ஏஜென்சி தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறது.

கழற்றும் முறை அணியும் முறையைவிட முக்கியமானது. அழுக்கு மிகுந்த கையுறையை முதலில் உள்புறம் வெளியே வருமாறு உரித்து, கைகளைக் கழுவி, பின்னர் கண்காப்பையும் மேலங்கியையும் நீக்கி, அறையைவிட்டு வெளியே வந்தபின் கடைசியாக முகக்கவசத்தை அதன் பட்டையைப் பிடித்துக் கழற்றி, மறுபடியும் சோப்பால் கை கழுவ வேண்டும். இதற்குப் பணியாளர் தடையின்றிப் பயன்படுத்தத் தனியே ஒரு குழாயும் சோப்பும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், உடை மாற்ற ஓரிடமும் தேவை. அவரைக் கொல்லைப்புறக் குழாய்க்கு மட்டும் அனுப்பும் வழக்கமுள்ள வீடுகளில் நோய்த்தடுப்பும் அங்கேயே தோற்கிறது.

இன்சுலின் ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால், இரத்தத்தைப் பிதுக்காமல் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி உடனே மருத்துவரை அணுக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. ஊரடங்கைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும், ஆறு மாத கால அளவில், அமைதியான நாட்களிலேயே போட்டு முடித்திருப்பது நல்லது.

வெள்ளமும் மின்தடையும்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையைக் கொட்டியபோதும், வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகள் நீரால் சூழப்பட்டு மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. நடக்க இயலாத நோயாளியோடு அத்தகைய வீட்டில் இருக்கும் பணியாளருக்கு முதல் ஆபத்து மின்சாரத்தால் வருகிறது. தண்ணீர் தரைத்தளத்துச் சுவிட்சுப் பெட்டியை எட்டும் முன்பே முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைப் பணியில் சேரும் முதல் நாளிலேயே அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

மின்சாரம் போனதும் நோயாளியைச் சூழ்ந்த கருவிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரமின்றி இயங்காது. மாற்றாக வைக்கப்படும் பி-வகை சிலிண்டர் சுமார் 1,500 லிட்டர் கொள்வது என்பதால், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் தாங்கும். எனவே ஒரே ஒரு சிலிண்டர் ஓர் இரவுக்கான ஏற்பாடுதான், இரண்டு நாள் வெள்ளத்திற்குப் போதாது. காற்று மாறி மாறி நிரம்பும் ‘ஏர் பெட்’ தட்டையாகிவிடும்போது, படுக்கைப்புண் வராதிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கும். இதை ஒருவரே இரவு முழுவதும் செய்தால் அவருடைய முதுகு தாங்காது, குடும்பத்தில் ஒருவர் கை கொடுத்தே ஆகவேண்டும். இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவது இயல்பாக எல்லோருக்கும் தோன்றும் செயல். ஆனால் ஆக்சிஜன் ஓடும் அறையில் துணியும் தலைமுடியும் நொடியில் பற்றிக்கொள்ளும் என்பதால், அங்கே மெழுகுவர்த்தியோ விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. டார்ச் மட்டுமே வேண்டும்.

வீட்டைவிட்டு நோயாளியை எப்போது வெளியேற்றுவது என்ற முடிவைப் பணியாளர் தலையில் கட்டிவிடுவதே இந்தத் துறையின் மிகப் பெரிய அநீதி எனலாம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, அலைபேசியும் செயலிழந்த நிலையில், முடிவு தவறினால் பழியும் அவரையே சேர்கிறது. புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மேல்தளத்திற்கோ மருத்துவமனைக்கோ மாற்றுவது என்பதைக் குடும்பம் எழுத்தில் தீர்மானித்து, ஒரு வாரத்துக்கான மருந்து, மருந்துச் சீட்டு, மாற்றுச் சிறுநீர்க் குழாய் ஆகியவற்றை நீர்புகாத உறையில் கட்டிவைத்து, அண்டை வீட்டார் ஒருவரையும் பொறுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்திற்கு 1077, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்கள் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

தமிழ்நாடு அரசு 2024 இல் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. காற்றோட்டமில்லாத அறையில் மேலங்கி அணிந்து வேலை செய்பவருக்கு இடைவேளையும் குடிநீரும் ஓஆர்எஸ் கரைசலும் தேவை. நோயாளியின் அறையில் மட்டும் மின்விசிறி சுழல்வது போதாது.

தங்கி வேலை செய்வோரின் இரவு

வெளியே போக முடியாத நெருக்கடியில் பன்னிரண்டு மணி நேரப் பணி கேட்பாரின்றி இருபத்துநான்கு மணி நேரமாகிவிடுகிறது. மாற்று ஆள் வரவில்லை என்பது உண்மையே. எனினும் தொடர்ந்து சில மணி நேரத் தூக்கமும், படுக்கத் தனியிடமும், வீட்டாரோடு பேச அலைபேசிக்கு மின்னேற்றமும், கூடுதல் நேரத்திற்குக் கூடுதல் ஊதியமும் மறுக்கப்படலாகாது. தூக்கமில்லாத கை இன்சுலின் அளவில் தவறும். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பு வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. முறையீட்டை மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் அளிக்கலாம், உடனடி உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

பதிவேடு யார் கையில்

பெயரைப் பதிய வழிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நல வாரியம் 2007 முதல் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற மாநிலத் திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளையும், இயன்முறைச் சிகிச்சையையும், வலி நீக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. அதன் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். அவர்களுடைய குறிப்பேட்டில் நோயாளியின் பெயருக்கு அருகில் அவரைப் பராமரிப்பவரின் பெயரையும் ஒரு வரி சேர்த்தால், தடுப்பூசிக்கும் முகக்கவசத்திற்கும் மீட்புப் படகிற்கும் ஏற்ற பட்டியல் பெரும்பாலும் உருவாகிவிடும். ஏஜென்சிகளோ தாம் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் புகைப்பட அட்டையும் விபத்துக் காப்பீடும் தர வேண்டும். அதைக் கேட்டுப் பெற்றபின்பே ஆளை ஏற்பது குடும்பங்களின் கையில் இருக்கிறது.

நீர் வடிந்த பிறகு

வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் உடனே வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்திலும், சிலருக்கு நான்கு வாரம் கழித்தும் அது வெளிப்படுகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் தோன்றினால் அதை உடல் அசதி என்று விட்டுவிடாமல், வெள்ளநீரில் நின்றதைச் சொல்லிச் சிகிச்சை பெற வேண்டும். முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தாம் கவனித்த முதியவர் இறந்த துயரமும் இவர்களைத் தொடர்வது உண்டு. மறுநாளே வேறொரு வீட்டுக்கு அனுப்பப்படும் பணியாளர், அதைப் பேசி ஆற்றிக்கொள்ள 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். காய்ச்சலிலோ தனிமைப்படுத்தலிலோ கழியும் நாட்களுக்கு ஊதியம் உண்டு என்பது பணி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், ஏனெனில் அந்த உறுதி இல்லாதவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கு வருவார்.