பொத்தானை அழுத்தப்போகிறவரைக் கேளுங்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் செய்யும்முன் சம்பந்தப்பட்டவர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதுவார்கள். அப்படி எழுதும் தேவைகளை ஐ.டி. ஆட்கள் ரிக்வயர்மென்ட் என்பார்கள். யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பதில்தான் அந்த வேலையின் கஷ்டமே இருக்கிறது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1992-ல் நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

அதுவரை அங்கே போனில் வந்த தகவலைக் காகிதப் படிவத்தில் எழுதுவார்கள். படிவம் கன்வேயர் பெல்ட்டில் நகரும். அந்தந்தப் பகுதியை அறிந்த ஊழியர் எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்வார். இதைக் கணினியே செய்யட்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. தேவைகளை மிக விரிவாக எழுதினார்கள். தொழிற்சங்கத்துக்கு அழைப்பும் போனது. ஆனால் நிர்வாகமும் ஊழியர்களும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வண்டியில் போகிறவர்களின் குரல் ஆவணத்தில் ஏறவே இல்லை.

அதனால் ஒரு அனுமானம் கேட்பாரற்று உள்ளே உட்கார்ந்துகொண்டது: எந்த வண்டி எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்பது கணினிக்கு எப்போதும் பிசகாமல் தெரியும். நடைமுறை வேறு. ரேடியோ எட்டாத இடங்கள் உண்டு. வண்டியில் இருப்பவர்கள், தங்கள் நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்களை அவசரத்தில் வரிசை மாற்றி அழுத்துவார்கள். அழுத்த மறந்தும் போவார்கள். ஒதுக்கிய வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துப் போவதும் உண்டு.

அக்டோபர் 26-ல் புதிய முறை அமலுக்கு வந்தது. பிழையான தகவல் சேரச் சேர, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறிடத்தில் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். காத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பப் போன் செய்ய, நெரிசல் இன்னும் கூடியது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பழையவை திரையை விட்டே மறைந்தன. மறுநாளே பாதி வேலை கைக்குத் திரும்பியது. நவம்பர் 4-ல் கணினி நின்றுபோக, மறுபடியும் காகிதம்.

1996-ல் அமலுக்கு வந்த அடுத்த கணினி முறைக்கு அதே சேவை வேறு வழியில் போனது. சிறு படிகளாக, மாதிரித் திரைகளை ஊழியர்களிடம் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்திக் கட்டினார்கள். அது நிலைத்தது.

ஆகவே, வேலையைச் செய்கிறவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் மட்டும் போதாது. ஒரு ஷிஃப்ட் முழுக்க அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். "கடைசியாக எப்போது கோளாறானது? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை மேலதிகாரி சொல்வார். எப்படி நடக்கிறது என்பது செய்கிறவருக்குத்தான் தெரியும். இருவர் சொல்வதும் முரண்பட்டால் நீங்களாக நடுவில் ஒன்றை எழுதாதீர்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசித் தீர்த்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் அனுமானங்களைத் தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது உண்மையா என்று நேரில் அறிந்தவரின் பெயரைப் போடுங்கள். எந்த வரிக்கு எதிரே பெயர் இல்லையோ, அதைத்தான் முதலில் போய் விசாரிக்க வேண்டும்.