விடைக்கு முன்னே வரும் உண்டியல்

1977-இல் கணினி விஞ்ஞானிகளான பேக்கரும் ஹெவிட்டும் முன்வைக்க, 1985-இல் ராபர்ட் ஹால்ஸ்டெட் தமது மல்டிலிஸ்ப் என்னும் நிரல்மொழியில் விஸ்தரித்த 'ஃபியூச்சர்' என்னும் உபாயமாவது, ஒரு கணக்கின் விடை கைக்கு வருமுன்னரே அதன் பிரதிநிதியாக ஓர் உண்டியலை, அதாவது பின்னர் மதிப்பைத் தருவதாக உறுதிகூறும் சீட்டை, எழுதிக் கொடுத்துவிட்டு, மூலக் கணக்கை இணையாக நடக்க விட்டுவிடுவதேயாகும். அவ்வுண்டியலை வியாபாரிகள்போல் கைமாற்றலாம், பட்டியலில் சேர்க்கலாம். கூட்டல் முதலிய, மெய்யான மதிப்பையே வேண்டும் காரியம் நேரும்போதுதான் காத்திருக்க வேண்டும்.

சுத்தமான சார்பு மொழிகளுக்கு இது ஏன் இவ்வளவு இசைகிறது? அங்கே ஒருமுறை பெயரிட்ட மதிப்பு பின்னர் மாறாதாதலின், எக்கணக்கு முந்தினாலும் விடை ஒன்றே. மல்டிலிஸ்போ மதிப்பை மாற்றவும் இடங்கொடுத்தது. ஆகவே ஜாக்கிரதை நிரலாளரின் பொறுப்பாயிற்று.

அற்பக் கணக்குகளுக்கெல்லாம் உண்டியல் எழுதினால், எழுத்துக் கூலியே லாபத்தை விழுங்கிவிடும். சிறியவற்றை நேரே கணக்கிடுவதே உத்தமம்.